ஆறாவது வெடி: வெள்ளிக்குழிக் கரட்டில் ஒரு பகல்

இந்தப் பயணம் போனது 1973 ஜனவரி 20, சனிக்கிழமை. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பயணத்தை இப்போது எழுதி யாருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். போன மாதம் இரண்டு இளைஞர்கள் இந்தத் தளத்தைப் பார்த்துவிட்டு, அரூர் பக்கம் கைவிட்ட சுரங்கம் ஒன்று இருக்கிறதாமே, உள்ளே போகலாமா என்று கேட்டு எழுதினார்கள். போகக் கூடாது என்று ஒரு வரியில் பதில் போட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை, பழைய பாக்கெட் டைரியைத் தேடி எடுத்தேன். பஸ் கட்டணம், நேரம், தூரம் மூன்றையும் எழுதி வைக்கும் வியாதி எனக்கு அந்த வயதிலேயே இருந்தது.

நான் அப்போது சேலத்தில் ஒரு கல்லூரியில், நிலவியல் துறையில் செய்முறை உதவியாளர். பெயர்தான் பெரிசு. கல் பெட்டியைத் தூக்குவது, கல்லுக்குச் சீட்டு ஒட்டுவது, மாணவர்கள் போன பிறகு மேஜையைத் துடைப்பது, இவ்வளவுதான் வேலை. கண்ணாடி அலமாரியில் உள்ளங்கை அளவு கல் ஒன்று இருந்தது. வெள்ளை வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ், அதன் நடுவே பளபளவென்று காரீயத் தாது, மேலே கரி அப்பியது போல மாங்கனீசு. காரீயத்துக்குள் கொஞ்சம் வெள்ளியும் கலந்திருக்கும். 'வெள்ளிக்குழிக் கரடு, தருமபுரி மாவட்டம்' என்று சீட்டு. அதை நான் துடைக்கும்போது கீழே போட்டு உடைத்துவிட்டேன். காரீயத் தாது உடைந்தால் குட்டிக் குட்டிக் கட்டங்களாகச் சிதறும். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பேராசிரியருக்குத்தான் இல்லை. "எங்கிருந்து வந்ததோ அங்கேயே போய் இன்னொன்று கொண்டு வாரும்" என்றார். தூரத் தொலையும் என்பதை அவ்வளவு மரியாதையாகச் சொன்னவரை நான் வேறு பார்த்ததில்லை.

காலை 5.40க்குச் சேலத்தில் பஸ். மஞ்சவாடிக் கணவாய் வழியாக அரூர், அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், கட்டணம் இரண்டு ரூபாய் இருபது காசு. கணவாயில் பனி மூடியிருந்ததால் டிரைவர் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். 8.05க்கு அரூர். பஸ் நிலையத்துக்கு எதிரே நான்கு இட்லி, ஒரு டீ, மொத்தம் ஐம்பத்தைந்து காசு. சட்னியில் உப்பு அதிகம் என்றும் டைரியில் இருக்கிறது.

பக்கத்திலேயே ஒரு பாய் வைத்திருந்த வாடகை சைக்கிள் கடை. நாள் முழுக்க ஒன்றரை ரூபாய். டயருக்குக் காற்றடித்துக்கொண்டே எங்கே போகிறேன் என்று கேட்டார். வெள்ளிக்குழிக் கரடு என்றதும் பம்பை நிறுத்திவிட்டார்.

"அங்க எதுக்குங்க? மூடி ஏழு வருசம் ஆகப் போவுது."

"ஒரே ஒரு கல்லு எடுத்துட்டு வரணும் பாய்."

"வெளியவே கொட்டிக் கெடக்கும், அதுல ஒண்ணு பொறுக்கிக்குங்க. உள்ள போவாதீங்க. உள்ள தட்டுற சத்தம் கேக்குதுன்னு சொல்றாங்க. தண்டவாளத்தப் பேத்தெடுக்கப் போனவனுங்க ரெண்டு பேரு, சம்மட்டியப் போட்டுட்டு ஓடியாந்துட்டானுங்க. கடைசியாச் செத்தவன் தட்டறானாம்."

நான் சிரித்தேன். அறிவியல் படித்த திமிர், வயது இருபத்தாறு. அவர் சிரிக்கவில்லை. "போய்த்தான் ஆவணும்னா மாதையன்னு ஒருத்தரு இருக்காரு, அவரக் கூட்டிட்டுப் போங்க. அங்க வெடி வெச்சவரு. ஆனா ஊருக்குள்ள அவரு பேரச் சொல்லி வழி கேக்காதீங்க, சொல்ல மாட்டாங்க" என்றார். ஏன் என்று கேட்டேன், பம்பை மறுபடி எடுத்தார்.

தீர்த்தமலை சாலையில் ஒன்பது கிலோமீட்டர், பிறகு வடக்கே மண் பாதையில் நான்கு. கேழ்வரகு அறுத்த காடுகள், நடுவே கரடுகள். அந்தப் பக்கத்தில் சின்னக் கல்மலையைக் கரடு என்பார்கள். எல்லாக் கரடும் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் இடுப்பில் கறுப்புப் பட்டை கட்டியது போலத் தெரிந்தது. அதுதான். வந்து சேர்ந்தபோது மணி 9.50. ஊரின் பெயரை எழுதவில்லை, காரணம் பின்னால் புரியும்.

பாய் சொன்னதை மீறி நான் ஊருக்குள் மாதையன் வீட்டைத்தான் கேட்டேன். கிணற்றடியில் இருந்த மூன்று பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு பெண் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டே, "ரோட்டுல கல்லு ஒடைக்கறவரு. சத்தம் வர்ற பக்கம் போங்க" என்றார். போனேன். சாலைக்குப் போடும் ஜல்லிக் குவியலின் நடுவில், நாற்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர் ஒருவர் குந்தி உட்கார்ந்து கல் உடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு என் காலணியைப் பார்த்தார்.

"வர்றேன் சார். ஆனா உள்ள வளையுற மொடக்கு வரைக்கும்தான் வருவேன். அதுக்கு மேல நீங்களே போய் எடுத்துக்கணும்."

"ஏன், ஆபத்தா?"

"எனக்கு வேண்டாங்க" என்றார்.

ஊரைத் தாண்டும்போது ஒரு வீட்டு வாசலில் பந்தல் கால் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். மாதையன் அந்த வீட்டைப் பார்க்காமல் நடந்தார், பார்க்காமல் நடப்பதற்கே பெரிய பாடுபடுவது தெரிந்தது. கல்யாணமா என்றேன். "என் தங்கச்சி முனியம்மா பொண்ணுக்கு, செல்விக்கு. வர்ற புதங்கெழம." தாய்மாமனுக்குக் கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்குமே, இங்கே என்னோடு அலைகிறீர்களே என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டேன். "தாய்மாமன் சீரு வாங்க மாட்டேன்னுட்டா சார். பந்தலுக்குள்ள நான் கால வெக்கக் கூடாதாம்" என்றார். நம் பக்கத்தில் தாய்மாமன் இருக்கும்போதே அவன் இல்லாமல் ஒரு பெண்ணுக்குத் தாலி ஏறுவது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உயிரோடு இருக்கிறவனைச் செத்தவன் கணக்கில் வைப்பதுதான்.

கரடு ஏற இருபத்தைந்து நிமிஷம். பாதை முழுக்கக் கழிவுக் கல். தொட்டால் கை கறுக்கும், சோப்புப் போட்டாலும் இரண்டு நாள் போகாது. சில கல்லைப் பிளந்தால் உள்ளே செடி கொடி வரைந்தது போலக் கறுப்புக் கோடுகள் இருக்கும். பழங்காலத்துச் செடி கல்லுக்குள் மாட்டிக்கொண்டது என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் அங்கே எந்தச் செடியும் இருந்ததில்லை. கல்லின் வெடிப்புக்குள் கசிந்த தண்ணீர் மாங்கனீசைப் படியவிட்டுப் போன தடம், அவ்வளவுதான். தெரிந்திருந்தும் அவற்றைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் உடம்பு லேசாகச் சிலிர்க்கும்.

கரட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருங்கல் பாறை எப்போதோ நீளவாக்கில் வெடித்தது. ஆழத்திலிருந்து கொதிநீர் அந்த வெடிப்பில் ஏறி, வெங்கச்சங்கல்லையும் வெள்ளி கலந்த காரீயத்தையும் விட்டுச் சென்றது. வெகு காலம் கழித்து மேலிருந்து இறங்கிய மழைநீர் மாங்கனீசைக் கொண்டுவந்து அதன் மேல் பூசியது. முதலில் கறுப்புக் கல்லுக்காகத்தான் வெளியூர்க்காரர் ஒருவர் குத்தகை எடுத்தார். மொரப்பூர் ரயில் நிலையத்துக்கு லாரியில் போகும். குடைந்துகொண்டே போனபோது காரீயம் தட்டுப்பட்டது, அதில் வெள்ளி இருக்கிறது என்று தெரிந்ததும் ஊருக்கே பைத்தியம் பிடித்தது. "ஒரு லாரிக் கல்லு ஒடச்சா கொழந்த கொலுசுக்குக் காணாது சார். ஆனா வெள்ளி வெள்ளின்னுதான் பேச்சு" என்றார் மாதையன். ஆண்கள் உள்ளே குடைவார்கள், பெண்கள் வெளியே உட்கார்ந்து கறுப்பு வேறு, மின்னுவது வேறு என்று பிரிப்பார்கள். 1966 மாசியில் ஒரு சாவு விழுந்தது, அதோடு மூடிவிட்டார்கள்.

சுரங்கவாய் ஆள் உயரம்தான். வாசலில் துருப்பிடித்த இரண்டு துண்டுத் தண்டவாளம், கவிழ்ந்த டிராலி ஒன்று. மாதையன் தன் பழைய கார்பைடு விளக்கைக் கொண்டுவந்திருந்தார், என்னிடம் டார்ச். உள்ளே நுழைந்ததும் வௌவால் நெடி. இருபது தப்படியில் வெயில் போய்விட்டது, ஐம்பது தப்படியில் வெளிச் சத்தமும் போய்விட்டது. காது அடைத்தது போல ஒரு அமைதி. நான் தப்படியை எண்ணிக்கொண்டே போனேன். நூற்று நாற்பதில் குடைவு வலப்பக்கம் திரும்பியது, அதுதான் முடக்கு. சுவரில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு மாடம் வெட்டியிருந்தது. வெடி போடும்போது ஒதுங்குகிற இடம். மாதையன் அங்கேயே நின்றுவிட்டார்.

நான் டார்ச்சோடு தனியாகப் போனேன். இன்னும் நாற்பது தப்படியில் குடைவு முடிந்தது. முடிவில் பாறை முகம், கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள், நடுவில் காரீயம் டார்ச் வெளிச்சத்துக்குக் கண் சிமிட்டியது. இடப்பக்கச் சுவரில், முழங்கால் உயரத்தில், குடத்து வாய் அளவு ஒரு ஓட்டை. அதிலிருந்து சில்லென்று காற்று வந்தது. டார்ச்சை உள்ளே அடித்தேன், வெளிச்சம் எதிலும் படவில்லை. ஓரங்கள் உளி பட்டது போல இல்லாமல் வழவழவென்று வளைந்து, புகை படிந்திருந்தன. யாரோ, எந்தக் காலத்திலோ, நெருப்பு மூட்டிப் பாறையைச் சூடாக்கிக் குடைந்த பழங்குழி. யார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்கு அந்த ஓட்டையின் பக்கம் முதுகைக் காட்ட மனசு வரவில்லை.

சீக்கிரம் எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று சுத்தியலால் படபடவென மூன்று அடி அடித்தேன். நான்கு சத்தம் கேட்டது.

கையை நிறுத்தினேன். சுத்தியல் என் கையில்தான் இருந்தது. மறுபடி அடித்தேன், மூன்றுதான், எண்ணிக்கொண்டேதான் அடித்தேன். என் மூன்றுக்கும் பிறகு, தனியாக, கொஞ்சம் மந்தமாக, இன்னொன்று. பாய் சொன்னது நினைவுக்கு வந்தது. பொய் சொல்லமாட்டேன், ஓடியிருப்பேன். ஓடினால் முடக்கில் மாதையன் பார்ப்பார் என்ற வெட்கத்தில்தான் நின்றேன். நிதானமாக ஒரே ஒரு அடி அடித்துவிட்டுக் காத்திருந்தேன். அரை நொடிக்கும் சற்று மேல் கழித்து அந்த ஓட்டையிலிருந்து பதில் வந்தது. எதிரொலி. பழங்குழி வெகு தூரம் உள்ளே போகிறது, சத்தம் அங்கே போய்த் திரும்புகிறது. வேகமாக அடிக்கும்போது முதல் அடியின் எதிரொலி இரண்டாவது அடியின் சத்தத்தில் மறைந்துவிடும், இரண்டாவது மூன்றாவதில் மறைந்துவிடும். கடைசி அடியின் எதிரொலி மட்டும் மறைய இடமில்லாமல் தனியாகக் கேட்கும். அவ்வளவுதான் பேய்.

கல்லை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் பெருமையாகவே, முடக்குக்குத் திரும்பினேன். மாதையன் மாடத்துக்குள் குந்தியிருந்தார். விளக்கு வெளிச்சத்தில் அவர் முகம் எனக்குப் பயமூட்டியது.

"சார். கடைசி ஒண்ணு நீங்க அடிச்சதா?"

இல்லை என்றேன். எதிரொலியை விளக்கினேன். அவர் கேட்டாரா என்றே தெரியவில்லை. "அந்த ஓட்ட மொத நாள்தான் சார் உளுந்துச்சு" என்றார். "அந்தக் கடைசி வெடிக்கு மொத நாள்."

அங்கேயே உட்கார்ந்து அவர் சொன்னதை நான் என் வார்த்தையில் தருகிறேன். வெடி வைக்கப் பாறையில் போடும் துளைக்குத் தமர் என்று பெயர். ஒரு தடவைக்கு ஆறு தமர். மருந்து அடைத்து, திரி வைத்து, ஆறையும் பற்றவைத்துவிட்டு வெடிக்காரர் முடக்கு மாடத்துக்கு வந்துவிடுவார். கையில் ஆறு கூழாங்கல். ஒரு வெடி கேட்டால் ஒரு கல்லைக் கீழே போட வேண்டும். கை காலியானால் எல்லாம் வெடித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு கல் மிஞ்சினாலும் ஒரு தமர் வெடிக்காமல் உள்ளே கிடக்கிறது. அப்போது யாரும் உள்ளே போகக் கூடாது, மறுநாள் அந்தத் தமரை வெடித்து முடிக்கும் வரை வெடிக்காரர் சுரங்க வாசலை விட்டு நகரவும் கூடாது. மாதையனின் திறமையெல்லாம் திரியை வெட்டும் நீளத்தில் இருந்தது. மூச்சு இழுத்து விடுவதற்குள் அடுத்தது வெடிக்கும்.

அன்றைக்குத் தீர்த்தமலையில் தேர். மதியம் வெடி போட்டார். ஆறு சத்தம் கேட்டது, கை காலி. புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு தேர் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் காலை உள்ளே இறங்கித் தமர் போட்டவர் பெருமாள், முனியம்மாவின் புருஷன். கல் குவியலுக்கு அடியில் வெடிக்காமல் கிடந்த ஆறாவது தமரில் அவர் துளைக் கம்பி இறங்கியது, அது வெடித்தது. அந்த நேரத்தில் மாதையன், இரவு தங்கிய தீர்த்தமலை அடிவாரத்தில், செல்விக்கு வளையல் வாங்கிக்கொண்டிருந்தார்.

"மிஞ்சுன கல்லத் தூக்கி எறிஞ்சிட்டுத் தேருக்கு ஓடிட்டான்னு சொன்னாங்க சார். விசாரணையிலயும் அப்படித்தான் எழுதுனாங்க. என் கையி காலியா இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன். ஏழு வருசமாச் சொல்றேன். போவப் போவ, நாந்தான் எறிஞ்சனோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சுது."

நான் எழுந்து திரும்பப் போய், மாடத்தில் அவர் கேட்க, ஐந்து அடி அடித்தேன், வெடி போலவே அடுத்தடுத்து. வந்து பார்த்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். ஆறு விரலை விரித்துக் காட்டினார். அந்த ஓட்டை விழுந்த பிறகு போட்ட முதல் வெடியும் கடைசி வெடியும் அதுதான். அடுத்த நாள் சுரங்கம் மூடியாயிற்று. அந்தப் பொய்க்கணக்கைக் கண்டுபிடிக்க யாருக்கும் இன்னொரு வாய்ப்பே கிடைக்கவில்லை.

"என் தங்கச்சி கேக்கணும் சார்" என்றார்.

இறங்கினோம். பந்தல் வீட்டுக்கு நான் மட்டும் போனேன், அவர் வேலியோரம் நின்றுகொண்டார். முனியம்மாவைப் பார்த்ததும்தான் தெரிந்தது, காலையில் கிணற்றடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வழி சொன்னவர் அவர்தான். ஐந்து நிமிஷம் எதிரொலியைப் பற்றிப் பாடம் நடத்தினேன். கல்லூரியில்கூட நான் அவ்வளவு மோசமாக விளக்கியதில்லை.

"படிச்சவங்க எத வேணாலும் சொல்லுவீங்க" என்றார். "கல்யாணம் வருதுன்னு அந்தாளு உங்களக் கூட்டியாந்திருக்காரு."

"நான் சொல்றத நம்ப வேண்டாங்கம்மா. நீங்களே வந்து நின்னு எண்ணுங்க."

அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, "அவர வெளிய நிறுத்தணும். அவரு உள்ள வந்தா ஏதாச்சும் பண்ணுவாரு" என்றார். போகும் வழியில் குனிந்து, தன் கையாலேயே ஆறு கூழாங்கல் பொறுக்கிக்கொண்டார்.

சுரங்கத்துக்கு வெளியே எத்தனையோ வருஷம் கல் பிரித்தவர், உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. முடக்கு மாடத்தில் அவரை நிறுத்தினேன். விளக்கை வைத்துவிட்டுப் போகட்டுமா என்றேன், வேண்டாம் என்றார். இருட்டில் அவரை விட்டுவிட்டு நான் போய் ஐந்து அடித்தேன். அடித்து முடித்த பிறகு ஓட்டையிலிருந்து வந்த ஒன்று, காரணம் தெரிந்த பிறகும், எனக்குப் பிடரியில் விரல் வைத்தது போலிருந்தது. திரும்பி வந்து டார்ச்சை அடித்தேன். அவர் உள்ளங்கை காலி.

"ஆறு அடிச்சீங்க" என்றார்.

"அஞ்சுதாங்கம்மா."

"இல்ல. ஆறு. நான் எண்ணுனேன். என் கையி காலி, பாருங்க." குரல் உயர்ந்தது. "என்ன ஏமாத்தாதீங்க சார். ஆறுதான். சாமி சத்தியமா ஆறு." அப்படியே நின்றுவிட்டார். தான் என்ன சொன்னோம் என்பது தன் காதிலேயே விழுந்ததோ என்னவோ. மெதுவாக, "நான் பாக்க அடிங்க" என்றார்.

அந்த நாற்பது தப்படியும் அவர் சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தார். பெருமாள் விழுந்த இடம் எது என்று கேட்கவில்லை, நானும் காட்டவில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. டார்ச்சை அவர் கையில் கொடுத்தேன். சுத்தியலின் மேல் வெளிச்சத்தைப் பிடித்தபடி வாய்விட்டு எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. சுத்தியலை உயர்த்தி அந்தரத்தில் நிறுத்தினேன். ஓட்டை தன் பங்குக்கு ஒன்று தட்டியது. அவர் எண்ணவில்லை. வெளிச்சம் ஓட்டைப் பக்கம் திரும்பியது.

ஓட்டையின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். காற்று அவர் முன்தலை முடியை அசைத்தது.

"இதத்தான் அவருன்னு சொன்னாங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"தண்டவாளம் பேக்கப் போனவனுங்க வந்து சொன்னப்ப ஊரே பயந்துச்சு. எனக்குப் பயமே இல்ல சார். எங்கூட்டுக்காரரு இன்னும் இங்கதான் இருக்காருன்னு இருந்தேன். அப்ப அவரு இங்க இல்லியா?"

எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. அண்ணனை மீட்டுக் கொடுக்க வந்தவன் புருஷனைப் பிடுங்கிவிட்டேனே என்றிருந்தது. அவர் ஓட்டையின் விளிம்பைக் கையால் ஒரு தரம் தடவிவிட்டு எழுந்தார். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு.

வாசலில் நடந்ததைச் சொல்லும் முன், போக நினைப்பவர்களுக்கான விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் யாரும் படிப்பதில்லை என்பது என் அனுபவம். கைவிட்ட சுரங்கம் எதற்குள்ளும் நுழையாதீர்கள். நான் நுழைந்தது முட்டாள்தனம், உயிரோடு வந்தது அதிர்ஷ்டம். கெட்ட காற்றுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் பெரும்பாலும் கிடையாது. ஏழு வருஷம் நின்ற கூரை எட்டாவது வருஷமும் நிற்கும் என்று எழுதிக் கொடுத்தவர் யாருமில்லை. வெடிக்காத மருந்து எங்கே கிடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது, அதைத்தான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கல் வேண்டுமானால் வெளியே குவியலில் பார்க்கலாம், ஊராரைக் கேட்டுவிட்டு. மாங்கனீசுத் தூசியை மூச்சில் இழுக்காதீர்கள், பார்த்த பிறகு கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள். டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள், சித்திரையில் பாறை சுடும். அரூரிலிருந்து தீர்த்தமலைக்குப் பஸ் உண்டு, மலை ஏறிக் கோயிலைப் பார்த்துவிட்டு வாருங்கள், அது போதும். ஊர்ப் பெயரைக் கேட்டு எனக்கு எழுதாதீர்கள், சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு வெளியே வந்தபோது மணி 2.35. இருட்டிலிருந்து வந்ததில் வெயில் கண்ணைக் குத்தியது. மாதையன் கவிழ்ந்த டிராலியின் மேல் உட்கார்ந்திருந்தார், எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முனியம்மா அவரைப் பார்த்து நேராகப் பேசியது ஏழு வருஷத்தில் அதுதான் முதல் தடவை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

"நீ பொய் சொல்லல" என்றார்.

மாதையன் தலையை மட்டும் ஆட்டினார்.

"காலையில எந்திரிச்சா உம்மேல இருக்கற கோவம்தான் மொதல்ல எந்திரிக்கும். அந்தக் கோவத்துலதான் அடுப்புப் பத்த வெச்சேன், காட்டு வேலைக்குப் போனேன், பொண்ண வளத்தேன். இனிமே நான் யாரு மேல கோவப்படறது?"

முனியம்மா விடவில்லை. "சரி, ஆறு கேட்டுச்சு, கையி காலி, எல்லாம் சரி. ஆனா நீ தேருக்குப் போவாம இருந்திருந்தா? மறுநா காலையில நீ இங்க இருந்திருந்தா?"

இதற்குத்தான் அவர் ஏழு வருஷமாகப் பயந்திருந்தார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

"நான் இருந்திருந்தா," என்றார், "அன்னிக்கு நாந்தான் மொதத் தமரு போட்டிருப்பேன். மாப்ள எனக்குக் கல்லு அள்ளிக் குடுத்துட்டுப் பின்னால நின்னுருப்பாரு. நான் போயிருக்கணும் முனியம்மா. அவரு இல்ல, நான்."

முனியம்மா தன் கறுத்த கையைப் பார்த்தார். முந்தானையில் துடைத்தார், போகவில்லை. கீழே ஊரில் பந்தலுக்கு ஓலை ஏற்றும் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது.

"அப்ப எம்பொண்ணுக்கு அப்பன் இருந்திருப்பான்" என்றார். "தாய்மாமன் இருந்திருக்க மாட்டான்."

அதைச் சொல்லிவிட்டுப் பாதையில் இறங்க ஆரம்பித்தார். பத்தடி போய், திரும்பாமலே, "பந்தலுக்கு இன்னும் நாலு கழி வேணுமாம். வெட்டி எடுத்துக்கிட்டு வா" என்றார்.